மரத்தையே தொடாத தச்சுக் கருவி

காயலான் கடையில் ஒரு தகரப் பெட்டியை எடைக்கு வாங்கினேன். துருப்பிடித்த உளிகள் நாலைந்து, பிடி உடைந்த இழைப்புளி ஒன்று, காம்பில்லாத வாய்ச்சி ஒன்று, தேய்ந்துபோன முப்பட்டை அரம் இரண்டு. இதெல்லாம் பார்த்த உடனே தெரிந்துவிடும். அடியில் கிடந்த ஒன்றுதான் பிடிபடவில்லை. குறடு மாதிரி இரண்டு கைப்பிடி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மூக்குப் பகுதியில் நாணயம் போல ஒரு எஃகு வட்டு, அதன் ஓரத்தைச் சுற்றி எண்கள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளேயிருந்து தீக்குச்சித் தலை அளவுக்கு ஒரு எஃகு நாக்கு வெளியே வந்து அந்த வட்டை முட்டுகிறது, விட்டால் உள்ளே போய்விடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா அடித்துச் சொன்னார், ரயிலில் டிக்கெட்டில் ஓட்டை போடுவார்களே, அதுதான் என்று. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அது பெல்ட்டில் துளை போடுவது. அம்மாவுக்கு அது என்னவென்பதைப் பற்றிக் கவலையே இல்லை, "புளி போட்டு ஊற வெச்சுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்" என்று எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். பழைய கருவி கையில் கிடைத்தால் முதலில் செய்யக்கூடாதது அதைப் பளபளப்பாக்குவதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த மாதிரிப் பெயர் தெரியாத கருவி கிடைக்கும்போது நாம் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான், உருவத்தைப் பார்த்து "இது அது மாதிரி இருக்கே" என்று தொடங்குவது. உருவம் ஏமாற்றும். குறடு போல இருப்பதெல்லாம் பிடுங்குவதற்கில்லை. அதற்குப் பதிலாக அது எங்கே தொடுகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, அதை எது தடுத்து நிறுத்துகிறது, இந்த மூன்றையும் பார்த்தால் பெயர் தெரியாமலேயே வேலையைக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, என் குறட்டையே எடுத்துக்கொள்வோம். ஓட்டை போடுகிற கருவி என்றால் நாக்குக்கு நேர் எதிரே அது நுழைய ஒரு ஓட்டை இருந்தாக வேண்டும், டிக்கெட் பஞ்சில் அப்படித்தான் இருக்கும். பெல்ட்டுக்குத் துளை போடுவதில் நாக்கே குழலாக, கூரான விளிம்போடு இருக்கும். இதில் இரண்டும் இல்லை. நாக்கு மொட்டை, எதிரே இருப்பது கெட்டியான எஃகு வட்டு. வெட்டவோ துளைக்கவோ இதனால் முடியாது, எதையோ அழுத்தி வளைக்கத்தான் முடியும். மாமாவின் கட்சி அங்கேயே தோற்றது.

அப்படியென்றால் எதை வளைக்கிறது? நாக்குக்கும் வட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் ஒரு தகடுதான் நுழையும். அவ்வளவு மெல்லிசான மரத்தை வைத்துக்கொண்டு எந்தத் தச்சரும் வேலை செய்வதில்லை. ஆக, இது மரத்துக்கான கருவியே கிடையாது. ஒரு இரும்புத் தகட்டின் ஓரத்தை, அதுவும் துளியூண்டு ஓரத்தை வளைக்கிறது. வட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அதன் மேல் விளிம்பு மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருந்தது தெரிந்தது, அந்தச் சரிவில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னத் தழும்புகள். ஏதோ கூரான முனைகள் திரும்பத் திரும்ப அங்கே வந்து அமுங்கியிருக்கின்றன.

எண்களைப் பார்த்தேன். 4-இல் தொடங்கி 12 வரை. வட்டைச் சுழற்றிப் பார்த்தால் எண் கூடக் கூட அந்தச் சரிவின் அகலம் குறைந்துகொண்டே வருகிறது. அளவு குறிக்கும் எண் என்றால் பெரிய எண்ணுக்குப் பெரிய அளவு வர வேண்டும், இங்கே தலைகீழ். எண் பெரிதானால் பொருள் சிறிதாகிறது என்றால் அது எதையோ எண்ணிய எண்ணிக்கை, ஒரு அங்குலத்துக்குள் இத்தனை என்பது மாதிரி. தச்சு வேலையில் ஒரு அங்குலத்துக்கு இத்தனை என்று எண்ணுவது எதை?

ரம்பத்தின் பல்லை.

அந்தப் பெட்டியில் இரண்டு முப்பட்டை அரம் தேய்ந்துபோய்க் கிடந்தனவே, தச்சர் பெட்டியில் முப்பட்டை அரத்துக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான், ரம்பத்துக்குக் கூர் போடுவது. கூடக் கிடக்கிற சாமான்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். தனியாகக் கிடந்தால் புதிர், கூட்டாளிகளோடு கிடந்தால் பாதி விடை.

இது ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்க்கிற கருவி. ஏன் சாய்க்க வேண்டும் என்பது இந்தக் கருவியைப் பார்க்காதவர்களுக்கும் பயன்படும், அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பற்கள் எல்லாம் நேராக, தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்கிற ஒரு ரம்பத்தை வைத்து மரத்தை அறுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு 0.9 மி.மீ. கனம், அது போடுகிற தடமும் 0.9 மி.மீ. அகலம். முதல் அரை அங்குலம் சுகமாகப் போகும். அப்புறம் தகட்டின் இரண்டு பக்கமும் மரத்தோடு உரசும், உரசலில் சூடேறும், ஈரமுள்ள மரமாக இருந்தால் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும், ரம்பம் முன்னேயும் போகாது பின்னேயும் வராது. எண்ணெய் தடவிப் பார்ப்போம், மெழுகு தேய்ப்போம், அதெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு. பற்களை ஒவ்வொரு பக்கமும் 0.2 மி.மீ. சாய்த்துவிட்டால் தடம் 1.3 மி.மீ. ஆகிவிடும், நடுவில் ஓடுகிற தகட்டுக்கு இரண்டு பக்கமும் மூச்சு விட இடம் கிடைக்கும். அவ்வளவுதான் சூத்திரம். ஈர மரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டும், காய்ந்த கெட்டி மரத்துக்குக் குறைவாக. அதிகமாகச் சாய்த்தால் தடம் அகலமாகி மரம் வீணாகும், கை வலிக்கும், ரம்பம் உள்ளே ஆடிக்கொண்டு கோணலாகப் போகும். ஒரு பக்கம் மட்டும் கூடிப்போனால் நீங்கள் எவ்வளவு நேராகப் பிடித்தாலும் அது அந்தப் பக்கமாகவே இழுக்கும். "என் கைதான் சரியில்லை" என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிப் பழி ரம்பத்துடையது என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது குறட்டின் வேலை முழுக்கப் புரியும். ரம்பத்தைப் பல் மேலே தெரிகிற மாதிரி இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி நிறுத்துகிறோம். குறட்டின் வாயை ஒரு பல்லின் மேல் கவிழ்க்கிறோம். கைப்பிடியை அழுத்தும்போது முதலில் ஒரு பட்டைப் பாகம் வந்து தகட்டை அசையாமல் பிடிக்கிறது, அதற்குப் பிறகுதான் நாக்கு வந்து பல்லைத் தள்ளுகிறது, பல் வட்டின் சரிவில் போய்ப் படிந்ததும் நின்றுவிடுகிறது. எவ்வளவு பலம் கொடுத்து அமுக்கினாலும் அந்தச் சரிவுக்கு மேல் சாயாது. அந்தச் சின்ன வட்டுதான் முழுக் கருவியின் மூளை. ஒரு பல் விட்டு ஒரு பல்லாக ஒரு பக்கம் முடித்து, ரம்பத்தைத் திருப்பி வைத்து மீதிப் பற்களை மறுபக்கம். கூர் போடுவது சாய்த்த பிறகு.

எண்கள் ஒரு வழிகாட்டிதான், சட்டம் இல்லை. அங்குலத்துக்கு 8 முனை உள்ள ரம்பம் என்றால் வட்டை 8-இல் வைக்கச் சொல்கிறது, ஆனால் பழைய குறடுகள் கொஞ்சம் தாராளமாகவே சாய்த்துவிடும் என்பதால் 10-இல் தொடங்கிப் பார்ப்பது நல்லது. (முனை எண்ணுவதில் ஒரு சின்ன வம்பு உண்டு: அங்குலத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற முனைகளைச் சேர்த்து எண்ணினால் பல் எண்ணிக்கையை விட ஒன்று கூட வரும். 8 முனை என்றால் 7 பல்.)

வேலை தெரிந்த பிறகுதான் பெயரைத் தேடினேன். கெரோசினில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, மேலே மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது எழுத்து தெரிந்தது. எக்லிப்ஸ், 77, இங்கிலாந்து. ஷெஃபீல்டில் 1889-இல் தொடங்கிய ஜேம்ஸ் நீல் நிறுவனம் எக்லிப்ஸ் என்ற முத்திரையில் விற்ற சரக்கு இது. அந்த நிறுவனத்தின் ஹாக்சா பிளேடுகளைத்தான் உலகம் முழுக்கத் தெரியும், குறட்டைக் குறைவானவர்களுக்குத்தான். அம்மாவைப் புளித்தண்ணீரில் போட விட்டிருந்தாலோ, நான் ஆசைப்பட்டு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்திருந்தாலோ இந்த எழுத்தும் போயிருக்கும், வட்டில் இருந்த தழும்பும் போயிருக்கும்.

முத்திரைகளைப் படிப்பதில் எனக்குப் பிடித்த சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கருவிகளில் காப்புரிமைத் தேதி நாள், மாதம், ஆண்டோடு பொறித்திருப்பார்கள். அங்கே காப்புரிமை வழங்குவது செவ்வாய்க்கிழமைகளில். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே இதுதான் வழக்கம், அதனால் பாதி அழிந்த தேதியை ஊகிக்கும்போது கிழமையைச் சரிபார்த்துக்கொள்ளலாம், செவ்வாய் வரவில்லை என்றால் நீங்கள் 3 என்று படித்தது 8-ஆக இருக்கும். நாட்டின் பெயர் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது, ஏனென்றால் வெளியிலிருந்து வரும் சரக்கில் நாட்டுப் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்து அந்த ஆண்டில்தான் அமலாக்கியது. அப்புறம் பழைய உளிகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று இருப்பதைப் பார்த்து வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740-களில் மூசையில், அதாவது உலோகம் உருக்குகிற மண் குடுவையில் வைத்து எஃகை உருக்கும் முறையைக் கொண்டுவந்தாரே, அந்த உருக்கைத்தான் அது குறிக்கிறது. மூசையில் எஃகு செய்வது நம் தென்னிந்தியப் பக்கத்தில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நடந்த வேலை, ஐரோப்பியர்கள் அதை 'ஊட்ஸ்' என்று எழுதிவைத்தார்கள். பிடி இல்லாவிட்டாலும் 'காஸ்ட் ஸ்டீல்' உளி காசு கொடுத்து வாங்கத் தக்கது.

குறடு என்னவென்று தெரிந்துவிட்டாலும் ஒரு சந்தேகம் இருந்தது, நம்மூர் ஆசாரிகள் இதையா வைத்திருந்தார்கள்? தெரு முனையில் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கி இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"பல்லு சாய்க்கிறதுதான் தம்பி. இது காசுக்காரன் சாமான்."

"அப்ப நீங்க எதுல சாய்ப்பீங்க ஐயா?"

எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு இரும்புப் பட்டையைக் கொண்டுவந்தார். கை விரல் நீளம், ஓரத்தில் வெவ்வேறு அகலத்தில் ஐந்தாறு வெட்டு. பீரோ சாவி மாதிரி இருந்தது. அதை நான் காயலான் கடையில் பார்த்திருந்தால் உடைந்த பூட்டின் பாகம் என்று தள்ளிவிட்டிருப்பேன். ரம்பத் தகட்டின் கனத்துக்குப் பொருந்துகிற வெட்டைத் தேர்ந்து, பல்லின் நுனியில் மாட்டி, கையால் லேசாக ஒரு திருகு. அவ்வளவுதான். நிறுத்துவதற்கு வட்டும் இல்லை சரிவும் இல்லை, எவ்வளவு திருக வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பாவிலும் குறடு வருவதற்கு முன்னால் இந்த வெட்டுப் பட்டைதான். இரண்டுக்கும் உருவத்தில் துளி சம்பந்தம் கிடையாது, வேலை ஒன்றேதான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, தச்சர் பெட்டியில் புதிராக இருக்கிற பொருள்களில் நிறைய இப்படி மரத்தையே தொடாதவை என்பது. கருவிக்கான கருவிகள். பிடி போட்ட ஒரு வழவழப்பான எஃகுக் கம்பி, அரம் தேய்ந்துபோனது மாதிரி இருக்கும், ஆனால் அரத்தில் இருக்கிற கோடுகள் ஒன்றுகூட இருக்காது. அது மரத்தைச் சுரண்டி வழவழப்பாக்கும் எஃகுத் தகட்டின் விளிம்பை அழுத்தித் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி விளிம்பை உண்டாக்குவதற்கு. "வெட்டு வாய் எங்கே?" என்று தேடி அது இல்லை என்று தெரிந்தால், குப்பையில் போடுவதற்கு முன் இது வேறொரு கருவிக்குச் சேவகம் செய்கிறதா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

வெட்டு வாய் இல்லாதது எல்லாம் இந்த ரகமும் இல்லை, அளப்பதாகவும் இருக்கலாம். கைப்பிடி நுனியில் சுழலும் இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு, அசப்பில் சோமாசு ஓரம் வெட்டுகிற கரண்டிக்கு அண்ணன் மாதிரி, ஆனால் அரையடிக்கு மேல் குறுக்களவு. ஓரம் கூர் இல்லை, விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் ஒரு கோடு. அந்த ஒற்றைக் கோடுதான் காட்டிக்கொடுக்கும், எங்கே தொடங்கினோம் என்று குறிப்பதற்கு. வண்டிச் சக்கரம் செய்கிறவர்கள் இதை மரச் சக்கரத்தின் வட்டையை, அதாவது வெளி வளையத்தைச் சுற்றி உருட்டி எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணிக்கொண்டு, இரும்புப் பட்டையின் உள்பக்கத்திலும் உருட்டி, பட்டை ஒரு துளி குறைவாக இருக்கும்படி வளைத்து ஒட்டுவார்கள். அதைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் நடுவிலிருக்கும் குடத்தையும் ஒன்றாக இறுக்கிவிடும். நாடா வைத்து அளப்பதை விட இது நல்லது, ஏனென்றால் இதில் அங்குலக் கணக்கே வேண்டாம்.

தேய்மானம் பேசுகிற இன்னொரு இடம், பல ஓட்டைகள் போட்ட கனத்த எஃகுத் தகடு. தட்டார்கள் கம்பி இழுக்கிற தகடும் இப்படித்தான் இருக்கும், தச்சர்கள் மர ஆணியை அடித்து இறக்கி உருட்டையாக்குகிற தகடும் இப்படித்தான் இருக்கும். கம்பித் தகட்டில் ஓட்டைகள் நுழைகிற பக்கம் புனல் மாதிரி விரிந்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும். மர ஆணித் தகட்டில் மேல் விளிம்பு கூராக இருக்கும், ஓட்டையைச் சுற்றிச் சுத்தியல் தவறி விழுந்த தழும்புகள் இருக்கும். அடி வாங்கியதா, இழுபட்டதா என்று பாருங்கள். உளிக்கும் இதே கேள்விதான்: பிடியின் தலையில் இரும்புப் பூண் இருந்தாலோ, தலை காளான் மாதிரி விரிந்திருந்தாலோ கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடி வாங்கியது, தலை வழவழவென்று உருண்டையாக இருந்தால் கையாலேயே தள்ளியது.

இந்த மாதிரிச் சாமான்கள் ஏன் இப்போது புதிராகிவிட்டன என்று கேட்டால், பழசானதால் என்று சொல்லமாட்டேன். உளியும்தான் பழசு, அதை யாருக்குத் தெரியாது? இன்றைக்குக் கடையில் விற்கிற பல ரம்பங்களின் பல் நுனி கருநீலமாக இருக்கும், மின்சாரத்தால் சூடேற்றி அந்த நுனியை மட்டும் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். ரொம்ப நாள் கூர் நிற்கும், ஆனால் அரம் ஏறாது, சாய்க்கப் போனால் உடையும். மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். ரம்பத்துக்குக் கூர் போடுகிற வேலையே போன பிறகு அதற்கான குறட்டை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

குறட்டை வைத்து என் பழைய ரம்பம் ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன், இவ்வளவு பேசிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதே பக்கம்தான் பல்லைச் சாய்க்க வேண்டும், அதுவும் மேல் பாதியை மட்டும், அடியிலிருந்து இல்லை. நான் பேச்சு சுவாரஸ்யத்தில் எண்ணிக்கையைத் தவறவிட்டு ஒரு பல்லை எதிர்ப்பக்கம் அமுக்கினேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், பல்லைக் காணோம்.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது திட்டவில்லை. ரம்பத்தைப் பல் மேலே இருக்கும்படி கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சரியாகச் சாய்த்த ரம்பத்தை அப்படிப் பார்த்தால் இரண்டு வரிசைப் பற்களுக்கு நடுவில் நேரான ஒரு வாய்க்கால் தெரியும். மனைவியிடம் தையல் ஊசி ஒன்று வாங்கி, கைப்பிடிப் பக்கம் அந்த வாய்க்காலில் படுக்க வைத்து, ரம்பத்தை மெதுவாகச் சாய்த்தார். ஊசி தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. முக்கால்வாசி தூரம் போய், பல் போன இடத்தில் தலைகுப்புறச் சரிந்து தரையில் விழுந்தது.

"ஊசியைத் தேடு தம்பி, காலுல குத்திரும்" என்றார்.